சகாயராணியின் ஊசி

திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற பொம்பளை என்றால் அன்றைக்குச் சகாயராணி ஒருத்திதான். பாண்டியராஜின் கடையில் ஒன்பது வருஷம். வளைந்த பின்களோடு எத்தனை பிராசஸர் வந்திருக்கும்! அடியில் முள் முள்ளாய் நிற்கும் பின்களில் ஒன்று சாய்ந்தாலும், போர்டிலிருக்கும் சாக்கெட்டின் ஓட்டைகளுக்குள் இறங்காது. தையல் ஊசியால் நிமிர்த்தி, சாக்கெட்டின் லீவரைத் தூக்கி, பிராசஸரை அழுத்தாமல் வைத்து, லீவரை இறக்குவாள். சாக்கெட் கப்பென்று பிடித்துக்கொள்ளும். வேலை அவளுடையது, பேர் கடைக்காரருடையது.

வேடசந்தூர் மில்களுக்கும் அவள்தான் போவாள். அங்கே ஆபீஸுக்குள்ளும் பஞ்சு பறக்கும். பழைய வேட்டித் துணியால் சாக்கெட்டைத் துடைத்த பிறகுதான் பிராசஸரைத் தொடுவாள்.

2005இல் புது மாதிரி போர்டு வந்தது. எல்லாம் தலைகீழ். பின்கள் சாக்கெட்டில், பிராசஸரின் அடியில் வெறும் தங்கப் புள்ளிகள். மதுரை டீலர் இதை விளக்கித் தாளே கொடுத்திருந்தார். பாண்டியராஜ் என்ற புண்ணியவான் தாளை டிராயரில் போட்டுவிட்டு அவளை மில்லுக்கு அனுப்பினார்.

மூடியைக் கழற்றியதும் பஞ்சு வந்து உட்கார்ந்தது. உள்ளே மினுங்கியது அவளுக்குப் பழைய ஓட்டைச் சல்லடையாகத்தான் தெரிந்தது. பழக்கத்தில் துணியால் ஒரு இழுப்பு. நூலில் சிக்கிப் பத்துப் பின்கள் படுத்துவிட்டன. போர்டோடு கடைக்குத் திரும்பினாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லண்ணே?"

"இம்புட்டு வருஷம் பாக்குற, தெரியாதா? பொம்பளைக்கு இது சரிப்படாது. நாளையிலருந்து பில் அடி."

அவள் மேஜையில் அவருடைய மச்சினன் சோலைமலை உட்கார்ந்தான். குப்பையில் அவர் வீசிய போர்டை அவள் வீட்டுக்குக் கொண்டுபோய், பூதக்கண்ணாடி வைத்து, பத்து நாளில் எல்லாப் பின்னையும் நிமிர்த்தினாள்.

அடுத்த மாதமே சோலைமலை பிராசஸரைக் கைதவறிப் பின்கள் மேலேயே போட்டான். "சரக்கு மட்டம்," என்றார் பாண்டியராஜ். அவனுக்கு ஒரு திட்டு உண்டா? பிறகு அவளிடம் குழைந்தார். "செத்த நேரம் பாரேன் ராணி."

"மேஜையத் திருப்பிக் குடுப்பீகளா?"

"குடுக்காம? நாளைக்கே உக்காரு."

சாயங்காலத்துக்குள் சரிசெய்தாள். போர்டு உயிர்பெற்றது.

மறுநாள் காலையில் சோலைமலை அதே நாற்காலியில், அவள் ஊசியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான்.

"அவன் எங்க போவான், மச்சினனாச்சே," என்றார் பாண்டியராஜ். "நீ பக்கத்துல நின்னு சொல்லிக்குடு."

சகாயராணி அவன் விரலிலிருந்து ஊசியைப் பிடுங்கினாள்.

"இது என்னுதுண்ணே," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.