மோருக்கு நின்ற லாரிகள்

திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டின் டேட்டாபேஸைக் கட்டி மேய்ப்பவள் சைமா. பழைய வண்ணாரப்பேட்டைக்காரி. வாசலில் லாரி எண்ணைத் தட்டினால், எந்தப் பெட்டியை எங்கே ஏற்றவேண்டும் என்று சீட்டு வரவேண்டும். வராவிட்டால் லாரி நகராது.

உரிமக் கட்டணம் கேட்கும் பழைய மென்பொருளை விட்டுவிட்டு, யாரும் காசில்லாமல் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய போஸ்ட்கிரெஸ் என்ற மென்பொருளுக்கு மாறலாம் என்று நிர்வாகத்தைக் கரைத்தவளும் அவள்தான். எல்லாம் நன்றாகத்தான் ஓடியது. முதல்முறை புதிய பதிப்புக்கு மாற்றியபோதுதான் மானம் போனது. தரவு பத்திரமாக வந்துவிட்டது. ஆனால் எது எங்கே எவ்வளவு குவிந்திருக்கிறது என்று டேட்டாபேஸ் தனக்காக வைத்திருக்கும் புள்ளிவிவரம் அதனுடன் சேர்ந்து வரவில்லை. அது இல்லாமல், ஊருக்குப் புதிதாக வந்த டிரைவர் மாதிரி தெருத்தெருவாகச் சுற்றிவிட்டுத்தான் பதில் சொல்லும். மறுபடி திரட்டி முடிப்பதற்குள் வாசலைத் திறந்துவிட்டார்கள். லாரிகள் நெடுஞ்சாலை வரை நின்றன. வசவு முழுவதும் சைமாவுக்கு.

"காசில்லாம வர்ற சாமான எப்படிம்மா நம்புறது?" என்றார் மேலாளர் அருள்பிரகாசம்.

போஸ்ட்கிரெஸின் பதினெட்டாம் பதிப்பில் அந்தப் புள்ளிவிவரமும் கூடவே வந்துவிடும் என்ற செய்தியை மெட்ரோவில் படித்தபோது சைமா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். எதிரே இருந்தவர் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். யார்டு டேட்டாபேஸின் பிரதி ஒன்றில் மாற்றத்தை ஓட்டிப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். பிறகுதான் அருள்பிரகாசத்திடம் போனாள்.

"இந்த தபா பேஜாரு ஆவாது சார். நான் பாத்துக்கினேன்."

அரைமனதாகத் தலையாட்டினார். ஞாயிற்றுக்கிழமை மாற்றினாள். புதிய பதிப்பிலும் விட்டுப்போகும் சில்லறைப் புள்ளிவிவரங்களை உட்கார்ந்து திரட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

திங்கள் காலை கேமராத் திரையைப் பார்த்தாள். வாசலில் லாரி வரிசை. படியிறங்கி ஓடினாள்.

"இன்னாக்கா ஆச்சி? சீட்டு வரலியா?"

சீட்டு போடும் பச்சையம்மா நிமிரவேயில்லை. "சீட்டு தட்டறதுக்குள்ள வந்துடுது சைமா. அவனுங்க மோருக்கு நிக்கிறானுங்க."

எட்டிப் பார்த்தாள். இரண்டு பெரிய குடங்களுக்கு நடுவே சட்டைக் கையை மடித்துவிட்டு அருள்பிரகாசம். லாரிகள் தேங்கும், டிரைவர்கள் கொதிப்பார்கள் என்று நினைத்து, குளிரவைக்க மோர் வாங்கி வைத்திருந்தார். சீட்டு வாங்கியவர்களெல்லாம் குடத்தருகே பிரேக் போட்டார்கள்.

"இன்னா சார், சித்திரை மாசம்கூட கெடயாது, மோர் ஊத்திகினு கீறீங்க?" என்றார் ஒரு டிரைவர்.

"சும்மாதான்ப்பா, குடி," என்று அசடு வழிந்தார் மேலாளர்.

சைமாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "சார், கொடத்த ரோட்ட வுட்டு அந்தாண்ட வெச்சிக்கலாம் சார்."

ஆளுக்கொரு குடமாக இழுத்துப் புங்கமர நிழலில் வைத்தார்கள். சற்று நேரத்தில் வாசல் காலியானது. அருள்பிரகாசம் ஒரு டம்ளரை அவளிடம் நீட்டினார்.

"மீஞ்சூர்ல இருக்கிற நம்ம கிடங்கையும் இதுக்கே மாத்திடலாமாம்மா?"

"மாத்திடலாம் சார்," என்றாள். மோரில் உப்பு கொஞ்சம் தூக்கல்தான், முழுவதையும் குடித்தாள்.

அன்று சாயங்காலம், அந்த மென்பொருளை எழுதுகிறவர்களுக்கு நன்றி சொல்லி ஆங்கிலத்தில் நாலு வரி அனுப்பினாள். லாரிகள் நிற்கவில்லை என்று முதலில் எழுதினாள். பிறகு நின்றதையும் சொல்லத்தானே வேண்டும் என்று, மோர்க் கதையையும் சேர்த்தே எழுதி அனுப்பினாள்.