ஆரல்வாய்மொழியில் ஏழு மாதம்

அரிசிக்கு ரேஷன் இருந்த காலம். திருநெல்வேலியில் வாங்கிய அரிசியை அப்போது சமஸ்தான எல்லையாக இருந்த ஆரல்வாய்மொழியைத் தாண்டித் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுவர அனுமதி கிடையாது. அதை என் தங்கையின் வயிற்றில் கட்டிவிடும் யோசனை என்னுடையதுதான். எனக்குத் தலை நரைத்துவிட்டது, கர்ப்பம் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். அவளுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம், குழந்தை இல்லை. பாவி, அது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. பிள்ளைத்தாச்சி பயணம் போனால் வைப்பதுபோல் அவள் கொண்டையில் வேப்பிலையும் செருகிவிட்டேன், பெரிய சாமர்த்தியக்காரி மாதிரி.

எல்லையில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். போலீஸ்காரர் அவளுக்கு மட்டும் தன் ஸ்டூலைப் போட்டுக் கொடுத்தார்.

“எத்தனை மாசமாக்கும்?”

“ஏழு,” என்றாள். “பத்து வருஷம் கழிச்சு.”

நாங்கள் அப்படிப் பேசி வைக்கவில்லை.

அப்புறம் வழி நெடுக அவள் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் துணியை அவிழ்த்து அரிசியைப் பானையில் கொட்டினேன். கொண்டையிலிருந்த வேப்பிலையை எடுக்கப் போனேன்.

“அது இருக்கட்டும், அக்கா,” என்று தலையை நகர்த்திக்கொண்டாள்.