கறி பாயிண்ட் சொதி

தெலுங்குச் சீமையில், ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனி லேபில் எனக்கு வேலை. மாசம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடுவது எங்கள் செக்‌ஷன் வழக்கம். பருப்புப் பப்பு இந்த வீட்டிலிருந்து, புளிச்சகீரைக் கோங்குரா அந்த வீட்டிலிருந்து என்று வாட்ஸப்பில் பிரித்துப் போடுவார்கள். எனக்கு மட்டும் எப்பவும் பேப்பர் பிளேட்டும் தண்ணி பாட்டிலும். நாற்பது தாண்டியாச்சு, கல்யாணம் ஆகவில்லை. "ஒத்த ஆளு, உனக்கெதுக்கும்மா சிரமம்?" என்பார் எங்கள் மேடம். நல்ல மனுஷிதான். அதனால்தான் எரிச்சல் இன்னும் கூடும்.

போன தடவை யாரிடமும் சொல்லாமல் சொதி வைத்தேன். எங்க திருநெல்வேலிப் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை விருந்துக்கு வைக்கிற குழம்பு அது. மாப்பிள்ளை வரலைன்னா தேங்காய்ப்பால் பிழியக் கூடாதா என்ன? பால் எடுத்து, கூடவே இஞ்சித் துவையலும் அரைத்து, தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் குடியிருக்கிற கூகட்பள்ளியிலிருந்து ஷேர் ஆட்டோவில் போனேன். 'இது உங்க வீட்டுதா?' என்று ஒருத்தராவது கேட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

மேடம்தான் முதலில் வாயில் வைத்தார். "அப்பாடி! எந்தக் கறி பாயிண்ட்ல வாங்கினே?"

குழம்பும் பொரியலும் பாக்கெட்டில் கட்டி விற்கிற கடைக்கு இங்கே அதுதான் பேர், தெருவுக்குத் தெரு இருக்கும். நானே வைத்தேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். சொன்னால், 'ஐயோ பாவம், தனியா இருக்கிறவ நமக்காக இவ்வளவு பாடுபட்டிருக்காளே' என்று ஆகிவிடுமே என்று பயந்துவிட்டேன்.

"வீட்டுப் பக்கத்துல ஒண்ணு" என்றேன். சீ, என்ன நாக்கு இது!

சட்டியை வழித்துச் சாப்பிட்டார்கள். நான் தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். மேடம் விடுவதாக இல்லை.

"சமைக்கிற அந்தம்மாவைப் பார்த்திருக்கியா? வீடு நிறைய ஆளுக்கு ஆக்கிப்போட்ட கை இதும்மா. புருஷன், பிள்ளைங்கன்னு இல்லாம இந்த ருசி வராது."

"ஆமா மேடம்" என்றேன். "பெரிய குடும்பம்."