பார்ஸ்லோவுக்குத் திவசம்

என் தங்கை சாம்பவி ஒரு செத்துப்போன வெள்ளைக்காரரோடு ஏழெட்டு வருடம் மாரடித்தாள். இப்படிச் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும், வரட்டும்.

அந்த மனிதர் எட்வின் பார்ஸ்லோ. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஒரு மூலைக் கிராமத்தில் பாதிரியார். ஆயிரம் வருடங்களுக்கு முந்திய ஆங்கிலோ-சாக்ஸன் மொழியையும் அக்காலத்து வரலாற்றையும் தானாகவே படித்து, அந்த மொழிக்கு அகராதி எழுதப் புறப்பட்டவர். நாங்கள் புலம்பெயர்ந்து குடியேறிய மல்வேர்னில் மற்றப் பிள்ளைகள் நேர்சிங், அக்கவுண்டிங் என்று படித்து வீடு வாங்கிக்கொண்டிருக்க, எங்கள் வீட்டுப் பிள்ளை இவரைப் பற்றிக் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தது.

போன வருடம் அவளுடைய ஆராய்ச்சியை மேற்பார்க்கும் பேராசிரியர் ஸ்டெபனி, பார்ஸ்லோவின் வாழ்க்கை வரலாற்று அத்தியாயத்தை இரண்டாம் தடவையும் திருப்பி அனுப்பினார். எல்லாத் தகவலும் இருக்கிறதாம், மனிதர்தான் இல்லையாம். குளிர்காலம் முடிவதற்குள் அது சரிவராவிட்டால் பட்டம் கிடையாது. சாம்பவி சாப்பிடாமல் படுத்துக்கிடந்தாள். அம்மா சுவரில் தொங்கிய படத்தில் பார்ஸ்லோவின் தாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உவருக்குப் பிள்ளையள் இருக்கினமோ?"

"கலியாணமே கட்டேல்லை அம்மா."

"அப்ப ஆர் திவசம் செய்யிறது?"

"அம்மா, அவர் கிறிஸ்தவப் பாதர்!"

"பாதருக்குப் பசிக்காதோ?"

அதோடு முடிந்தது பேச்சு. கோயில் ஐயருக்கு போன் போட்டு, பார்ஸ்லோ இறந்த திகதிக்குத் திதி பார்த்தாயிற்று. சனிக்கிழமை மதியம். எதிர்வீட்டுக் குஞ்சித்தம்பி அங்கிளுக்கு அழைப்பு, பேராசிரியருக்கும் அழைப்பு. ஆண்பிள்ளைதான் படைக்க வேண்டுமென்று நான் வசிக்கும் பிறம்ரனிலிருந்து என்னையும் அம்மா வரவழைத்தார். முன்பின் தெரியாத பாதிரியாருக்கு வேட்டி கட்டித் தண்ணீர் தெளித்த ஒரே யாழ்ப்பாணத்தான் நானாகத்தான் இருப்பேன். வாயில் வந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டு செய்தேன்.

வாழையிலையில் கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயாசம். பார்ஸ்லோவுக்குப் பிடித்தது என்று அப்பிள் பை பலகாரமும் இருந்தது. மாட்டிறைச்சியும் பிடிக்கும் என்றாள் சாம்பவி. அம்மாவின் காதில் அது விழவில்லை.

குசினிக்குள் அவள் என்னைத் தனியாகப் பிடித்தாள். "அண்ணா, சாப்பாடு முடிய ஸ்டெபனியிட்டைச் சொல்லப்போறன். படிப்பை விட்டிடுறன். பக்கத்து மார்க்கம் டவுனிலை ஒரு ஒஃபிஸ் வேலை சரிவந்திருக்கு."

அவளைக் கிண்டலடிக்க எனக்கு உரிமை உண்டு, ஆனால் அவள் தோற்பதைப் பார்க்க என்னால் முடியாது.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். திவச வீட்டில் செத்தவரைப் பற்றி வழக்கமாகக் கேட்பதைக் குஞ்சித்தம்பி அங்கிள் கேட்டார். "மோசம்போனவர் என்ன மாதிரி ஆள் பிள்ளை?"

சாம்பவி பிறந்த ஆண்டு, படித்த இடம், எழுதிய நூல்கள் என்று தொடங்கினாள்.

"உது பேப்பரிலை போடுறது. ஆள் எப்பிடி?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. பார்ஸ்லோ காலையில் தன் தாரா வாத்துகளுக்கு முன்னால் நின்று பழைய போர்ப்பாட்டுகளை உரத்துச் சொல்வாராம். தாராக்கள் கத்தினால் தான் பிழைவிட்டதாக நினைத்து மறுபடி முதலிலிருந்து சொல்வாராம். ஒரு பழைய போர் எந்த வயலில் நடந்தது என்று அடுத்த ஊர் வாத்தியார் ஒருவரோடு அவருக்கு ஆயுள்காலச் சண்டை. நிரூபிக்கிறோம் என்று இருவரும் ஊரான் வயலைத் தோண்டப்போக, கமக்காரன் நாயை அவிழ்த்துவிட, இருவரும் ஒரே மரத்தில் ஏறி அங்கேயும் சண்டை பிடித்தார்களாம். அங்கிளுக்குப் புரையேறியது. ஸ்டெபனி என்னவென்று கேட்க, சாம்பவி அவருக்கு ஆங்கிலத்தில் மறுபடி சொன்னாள்.

"பிறகு அந்த வாத்தியார் செத்துப்போனார் அங்கிள். அவரின்ரை வரலாற்றுப் புத்தகம் அரைவாசியிலை நிண்டுபோச்சு. பார்ஸ்லோ தன்ரை அகராதியைத் தூக்கி வைச்சிட்டு, அந்தப் புத்தகத்தை எழுதி முடிச்சவர். அந்த வயலைப் பற்றி வாத்தியார் எழுதினதைக்கூட மாத்தாமல் விட்டவர். கடைசியிலை பார்ஸ்லோவின்ரை அகராதிதான் முடியேல்லை."

சொல்லும்போதே அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. அம்மா அவளுடைய இலையில் பாயாசம் ஊற்றினார்.

அதையும் ஆங்கிலத்தில் கேட்ட ஸ்டெபனி கை கழுவாமல் அப்படியே இருந்தார். "இதெல்லாம் உனக்குத் தெரியுமா? ஏன் எழுதவில்லை?"

"இது ஆராய்ச்சி இல்லையே என்று விட்டுவிட்டேன்."

"இதுதான் நான் தேடிய மனிதர்."

சாம்பவி என்னைப் பார்த்தாள். நான் அந்த ஒஃபிஸ் வேலையை விடு என்று வாயசைத்தேன். அவள் ஸ்டெபனியிடம், குளிர்காலம் முடிவதற்குள் எழுதித் தருகிறேன் என்றாள். எனக்கு எழும்பி ஆடலாம் போலிருந்தது. வேட்டியை நம்பி ஆட முடியாது.

வசந்தத்தில் பல்கலைக்கழகத்தில் சாம்பவியின் கலாநிதிப் பட்டத்துக்கான நேர்முகப் பரீட்சை. கடைசி வரிசையில் அம்மாவும் நானும். அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவு ஓடாது. ஆனாலும் பரீட்சகர்கள் சிரித்தபோது சிரித்தார், சாம்பவியின் குரல் தாழ்ந்தபோது கண்ணைத் துடைத்தார். முடிவு சொன்னதும் வெளியே ஓடிவந்து அங்கிளுக்கு போன் அடித்தார்.

"ரெண்டு பேரும் பாஸ் பண்ணிப்போட்டினம் அண்ணை!"