மலர்க்கொடி சொன்ன முடிவு

நூறு புத்தகம் விழுங்கும், சட்டைப் பையில் அடங்கும், சார்ஜ் தீர்ந்தால் தின்றதையெல்லாம் மறந்துவிடும். அது என்ன? கையடக்கக் கணினி. 2004-ல் அதை நம்பி, ஒரு நாளிதழின் குழந்தைகள் பக்கத்தின் சார்பில் பள்ளி பள்ளியாகக் கதை படிக்கப் போனவன் நான். அந்தக் கருவியோடு மல்லுக்கட்டிய உங்களுக்கு இந்த அனுபவங்கள் புதிதாக இரா.

எழுத்து எங்கே?

பெரம்பலூர் பிரவுசிங் சென்டரில் இருபது இணையப் பக்கங்களைச் சேமித்துக்கொண்டு பஸ் ஏறினேன். பாடாலூர் வருவதற்குள் திறந்து பார்த்தால், தமிழ் எழுத்து இருக்க வேண்டிய இடமெல்லாம் கட்டம். கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை. மறுநாள் திரும்பிப் போய், ஒவ்வொரு பக்கத்தையும் படமாக மாற்றிச் சேமித்தேன். கடைக்காரர் கேட்டார்: “நேத்து பூரா வெறும் கட்டத்தையா சார் தூக்கிட்டுப் போனீங்க?”

மீதி எங்கே?

திருமானூர் அருகே ஒரு பள்ளி, ஐந்தாம் வகுப்பு. ஓடத்தில் தனியே மிதந்து போன நாய்க்குட்டியின் கதையைப் படித்தேன். ஓடம் நடு ஆற்றில் சுழலும்போது ‘அடுத்த பக்கம்’ என்று வந்தது. தொட்டேன். படமாகச் சேமித்த பக்கம் அசையவில்லை. முதல் பக்கத்தை மட்டும் சேமித்திருக்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை மீதியைக் கொண்டுவருவதாகச் சொன்னேன். வகுப்பு ஆசிரியைக்கு அது போதவில்லை. “இப்படி நட்டாத்துல விட்டுட்டுப் போனா, ஒரு வாரம் இதுங்கள நான் எப்படி சார் சமாளிக்கிறது?”

முடிவு யாருடையது?

சொன்னபடி வெள்ளிக்கிழமை முழுக் கதையோடு போனேன். அந்த வகுப்பில் படிக்கும் மலர்க்கொடி வாசலிலேயே என்னை மறித்தாள். கதையை ஏற்கெனவே படித்திருப்பதாக வகுப்பில் அளந்துவிட்டாளாம். நாய்க்குட்டி கடல் வரை மிதந்து போய், ஒரு கப்பலுக்குக் காவல் நாயானதாகக் கதையை முடித்தும் வைத்திருக்கிறாள். எல்லோரும் நம்பிவிட்டார்கள். வாரம் முழுக்க அவளைச் சுற்றித்தான் கூட்டம்.

கருவியை அவள் கையில் கொடுத்தேன். அதில் நாய்க்குட்டி கரையேறி வீட்டுக்குப் போனது, அவ்வளவுதான். படித்து முடித்து நிமிர்ந்தாள். “இத நீங்க படிச்சா, என்னைய எல்லாரும் புளுகுணிம்பாங்க சார்.”

அவள் முடிவுதான் நல்ல முடிவு. அதை அவள் பெயரோடு எங்கள் பக்கத்தில் போடுகிறேன், ஆனால் தானே கட்டியது என்று வகுப்பில் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றேன். மனமில்லையென்றால் கருவியிலிருக்கும் முடிவை அழித்துவிட்டு, வேறு கதை படிக்கிறேன் என்றும் சொன்னேன். பெயர் அச்சில் வர வேண்டுமென்று பிள்ளைகள் கட்டுக்கட்டாகக் கடிதம் எழுதுவதையே பார்த்துப் பழகியவன் நான். மலர்க்கொடி அழிக்கச் சொன்னாள்.