ஆறு பேர் வண்டி

என் அக்காவைக் கட்டியவர் சொந்தமாகக் கார் செய்தார். சொன்னால் இன்றைக்கும் தேனியில் சிரிப்பார்கள். நானும் சிரித்தவன்தான். அப்போது ஒரு பெரிய கம்பெனியின் கார் ஷோரூமில் விற்பனையாளனாக இருந்தேன்.

மச்சானுக்குச் சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம். திராட்சை காலை வாரிய இரண்டு வருடமும் அக்கா ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனாள். எட்டுப் பேர் ஜீப்பில் பதினெட்டுப் பெண்களை அடைத்து மலையேற்றுவார்கள். பின்னால் தொங்கிக்கொண்டு போனவள் ஒரு வளைவில் விழுந்தாள். இடது முழங்கை அதன் பிறகு மடங்கவே இல்லை. அந்த வருடம்தான் மச்சான் தோட்டத்துக் கொட்டகையில் வெல்டிங் வைக்க ஆரம்பித்தார்.

பேட்டரியில் ஓடும் சின்ன வண்டி. ஆறு பேர் உட்காரலாம். ஏழாவது ஆளுக்கு இடம் வைக்கக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தார். மலை இறங்கும்போது பேட்டரி தானே சார்ஜ் ஆகும். "ஏறுறப்ப குடிச்சத எறங்குறப்ப கக்கணும் மாப்ள" என்பார். தெரிந்தவர் தோட்டத்து மலைப்பாதையில் என்னை உட்கார வைத்து ஏற்றிக் காட்டினார். எங்கள் கம்பெனி வண்டி முக்கித் திணறும் ஏற்றம் அது. அன்றோடு என் சிரிப்பு நின்றது.

சாலையில் ஓட்டுவதற்கு அரசாங்கத்தின் அனுமதிச் சான்று வேண்டும். மனு மேசை மேசையாக நகர்ந்தது. சில மேசைகளில் படுத்தும் கொண்டது. மேலிடத்தில் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று நான்தான் யோசனை சொன்னேன். ஆளுங்கட்சியின் மாவட்டச் செயலாளரை எங்கள் பக்கம் 'மாவட்டம்' என்றே சொல்வார்கள். எங்கள் ஷோரூமுக்கு அவர்தான் முதலாளி. மலையேறும் ஜீப்புகளில் பாதி அவர் வீட்டு ஜீப்புகள். இதெல்லாம் தெரிந்தும் மச்சானை அவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்.

"நம்ம மண்ணுல ஒருத்தர் கார் செஞ்சிருக்காக, நான் சும்மா விட்டுருவேனா? ஊருக்கே வந்து பாக்குறேன்" என்றார் மாவட்டம்.

வந்தார். பந்தல், ஆளுயர மாலை, ஆரத்தி எல்லாம் நடந்தது. மாவட்டம் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தார், ஐந்து பேர் கூட ஏறினார்கள். அதோடு விட்டிருக்கலாம். "ஏலே, எல்லாரும் ஏறுங்கடா" என்று கையை வீசினார். பதினாறு பேர் ஆனார்கள்.

நாமே மாலை போட்டு அழைத்த விருந்தாளியின் ஆட்களை 'இறங்கு' என்று சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் நாக்கு எழாது. சொன்னால் தலைமுறைக்கும் பேசுவார்கள். வண்டியின் அச்சு எவ்வளவு தாங்கும் என்று துல்லியமாகத் தெரிந்த மச்சானே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என் காதருகே வந்து, "ஒன் மொதலாளிதான மாப்ள, நீ ஒரு வார்த்த சொல்லு. அச்சு தாங்காது" என்றார்.

போனேன். மாவட்டம் என்னைப் பார்த்தார். பின்னால் ஏற முடியாமல் தவித்துக்கொண்டிருந்த ஒரு தடியனுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டேன். பதினேழு.

பந்தலைத் தாண்டிச் சாலைக்குப் போன வண்டிக்கு ஓடைப்பாலத்து ஏற்றத்தில் பின்னச்சு முறிந்தது. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. குதித்து இறங்கிக் கைதட்டிச் சிரித்தார்கள், போனில் படம் பிடித்தார்கள். அக்கா ஆரத்தித் தட்டோடு ஓடிவந்து, "இத்தன பேரு ஏறுனா மாட்டுவண்டியே முறியும்டா, நாசமாப் போறவங்களா!" என்று கத்தினாள். அது எந்த வீடியோவிலும் இல்லை.

அனுமதி இல்லாத வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்டியதாக அடுத்த வாரமே புகார் வந்தது. ஓட்டியவர் மாவட்டம், வழக்கு மச்சான் மேல். வண்டியைப் பறித்துக்கொண்டு போனார்கள். அந்த வீடியோவையே ஆதாரமாகக் காட்டி, பாதுகாப்பற்றது என்று மனுவையும் தள்ளிவிட்டார்கள். ஷோரூமுக்கு வருகிறவர்களிடம் அந்த வீடியோவை நானே போட்டுக் காட்டி எங்கள் வண்டியை விற்றேன். வெட்கங்கெட்ட பிழைப்பு.

ஒருநாள் மாவட்டம் கூப்பிட்டார். "ஒன் அக்கா வீட்டுக்காரர், பாவம். அது வண்டியே இல்ல, பழைய இரும்புன்னு எழுதிக் குடுக்கச் சொல்லு. கேஸ முடிச்சுவிடுறேன், சாமான எடுத்துக்கிட்டுப் போகட்டும்."

எழுதிக் கொடுத்தால் அந்த வண்டிக்கு இனி எந்தக் காலத்திலும் சான்று கேட்க முடியாது. கொடுக்காவிட்டால் கோர்ட்டுக்கு நடந்தே சாக வேண்டும். என் எழுத்து மணிமணியாக இருக்கும் என்பதால் கடிதத்தை நானே எழுதினேன். 'மேற்படி பொருள் வாகனம் அல்ல. பயனற்ற பழைய இரும்பு. எடை சுமார் அறுநூறு கிலோ.'

மச்சான் இரண்டு முறை படித்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் இன்றைக்கு நிம்மதியாக இருப்பேன்.

"எடையக் குத்துமதிப்பாப் போட்டிருக்க" என்றார்.

பிறகு சுவரைப் பார்த்தபடி ஒவ்வொரு பாகத்தின் எடையையும் மனப்பாடமாகச் சொன்னார். நான் தாளில் கூட்டிக்கொண்டே வந்தேன். பின்னச்சு வந்தபோது நிறுத்தினார்.

"அது ரெண்டு துண்டாக் கெடக்கும். சேத்தே போட்டுக்க" என்று சொல்லிவிட்டு, பேனாவுக்குக் கை நீட்டினார்.