துண்டுக்குள் கேட்ட விலை

மேனகாவிடம் ஒரு வேலையைச் சொல்லிவிட்டு மறந்துபோகலாம் என்று நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அவள் மறக்க மாட்டாள், நம்மையும் மறக்க விட மாட்டாள். கொட்டச்சேட்டுப் பக்கம் காப்பி எஸ்டேட்டுகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் நடுநிலைப் பள்ளியில் மூன்று வருடங்களாக அவள்தான் மேலாண்மைக் குழுத் தலைவி. படித்தது எட்டாம் வகுப்பு. எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறாள், பறிப்பு முடிந்தால் களை எடுக்கிறாள். பள்ளிக் கழிப்பறைக்குக் கதவு கேட்டுப் பதினொரு முறை மனு கொண்டுபோனாள். பன்னிரண்டாவது முறை அவள் தலை தெரிந்ததுமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

அந்தப் பன்னிரண்டு முறையும் கூடப் போனவள் நான். பெயருக்கு ஆசிரியை, உண்மையில் மேனகாவின் கிளார்க். அடிவாரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறேன். கொண்டை ஊசி வளைவுகளை வாந்தி எடுக்காமல் தாண்டப் பழகிவிட்டேன். அவள் சொன்ன வேலையை முடியாது என்று சொல்ல மட்டும் இன்னும் பழகவில்லை.

போன வருடம் ஏப்ரலில் ஆறு பெண்கள் எங்களிடம் எட்டாம் வகுப்பை முடித்தார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு ஏற்காட்டுக்குப் போக வேண்டும். காலை பஸ் அங்கே போய்ச் சேருவதற்குள் முதல் பாடவேளை முடிந்துவிடும். நடந்து போகலாம் என்றால் எஸ்டேட் ரோட்டில் காட்டெருமை நிற்கும். அந்த ஆறு பேரில் ஒருத்தி கலா, மேனகாவின் மகள். நான் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்க்கிற ரகம்.

கலாவின் அப்பா மாதேஷ் அதே எஸ்டேட்டில் நிழல் மரங்களில் ஏறிக் கிளை வெட்டுபவர். அதிகம் பேசாத மனிதர். பேசினால் முடிவைத்தான் பேசுவார்.

"சேலத்துல எங்கக்கா ஊட்டுல இருந்து தையல் கத்துக்கட்டுங்க டீச்சர். ஜூன்ல கொண்டுபோய் உட்டுட்டு வரேன்."

"ஜீப் ஏற்பாடு பண்ணலாம்னு மேனகா சொல்றாங்களே."

"மூணு மாசம் ஓடும். பணம் தீந்தா நின்னு போகும். போன வருசம் அப்படித்தான ஆச்சு? புள்ளைக்கு ஆச காட்டிட்டுப் பாதியில நிறுத்தறதுக்கு இப்பவே நிறுத்திக்கலாமுங்க."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ஆனால் முந்தைய வருடம் அப்படித்தான் ஆகியிருந்தது. மூன்று பெண்கள் காலாண்டுத் தேர்வோடு நின்றார்கள்.

ஜீப் வைத்திருப்பவன் ஆரிப், ஏற்காட்டில் மிளகு மண்டி நடத்தும் சையத் இப்ராஹிம் பாயின் மகன். ஒரு வருடத்துக்கு அறுபதாயிரம் கேட்டான். பெற்றோர்கள் இருபதாயிரம் போடுவார்கள். மீதி நாற்பதாயிரம் மே மாதக் கடைசிக்குள் மொத்தமாக வந்துவிட வேண்டும், வராவிட்டால் ஜீப் சுற்றுலாக்காரர்களோடு போய்விடும். மாதேஷும் அதையே சொன்னார். முழுப் பணமும் முன்கூட்டியே வந்தால் கலா படிக்கட்டும், ஒரு ரூபாய் குறைந்தாலும் சேலம்தான் என்றார். மேனகா புருஷனோடு சண்டை போடவில்லை. மறுநாள் காலையில் என் மேஜை முன்னால் வந்து நின்றாள்.

"கோயில் நோம்பில ஒரு எலுமிச்சம்பழத்த மூவாயிரத்துக்கு ஏலம் எடுக்கறாங்களே டீச்சர், புள்ளைங்க ஜீப்புக்குன்னா ஒரு பலா மரத்த எடுக்க மாட்டாங்களா?"

நான்கே நாளில் பன்னிரண்டு பொருட்கள் சேர்ந்தன. பள்ளிக்கு அடுத்த வீட்டு மாதையன் தன் பலா மரத்தின் ஒரு வருடக் காய்ப்பைக் கொடுத்தார். இப்ராஹிம் பாய் பத்து கிலோ மிளகு. எஸ்டேட் மேனேஜர் ஹரிஹரன் சார் பங்களாவில் ஒரு குடும்பம் இரண்டு நாள் தங்க அனுமதி தந்தார். ஜோடிக் கோழி, மலைத்தேன், ஒரு வெள்ளாட்டுக் குட்டி எல்லாம் வந்தன. ஒரு வாரம் வாட்ஸ்அப்பில் விலை கேட்பது, கடைசியில் ஞாயிற்றுக்கிழமை பள்ளி மைதானத்தில் நேரில் கேட்பது, எது அதிகமோ அதற்குப் பொருள். வெளியூரில் இருக்கும் பழைய மாணவர்களும் கலந்துகொள்ளலாம். திட்டம் முழுக்க மேனகாவுடையது, வாட்ஸ்அப் குழுவை உருவாக்கி எல்லோரையும் சேர்த்தது நான்.

அதைக் கெடுத்ததும் நான்தான். "நீங்க ஆரம்பிச்சு வைங்க சார்," என்று மேனேஜரிடம் கேட்டுக்கொண்டேன். நல்ல மனிதர், பலா மரத்துக்கு ஐந்நூறு ரூபாய் என்று போட்டார். அடுத்த நிமிடம் ஒரு கும்பிடும் கை வந்தது. அப்புறம் இன்னொன்று. அரை மணி நேரத்தில் முப்பத்தேழு கும்பிடுகள், ஒரு விலைகூட இல்லை. கோழிக்குத் தலைமை ஆசிரியை இருநூறு என்று ஆரம்பித்தார், அவருக்கும் கும்பிடுதான் கிடைத்தது. நோம்பி ஏலத்தில் சாமிக்காகக் கேட்கிறார்கள், அங்கே யாரும் யாரையும் மிஞ்சியதாகக் கணக்கில்லை. இங்கே மேனேஜர் பெயருக்குக் கீழே தன் பெயரைப் போட்டு, அவரைவிட நூறு ரூபாய் கூடக் கேட்க எங்கள் ஆட்களுக்குக் கை வரவில்லை. மரியாதையாலேயே ஓர் ஏலத்தைக் கொன்ற ஊர் எங்கள் ஊராகத்தான் இருக்கும்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் குழுவையே கலைத்திருப்பேன். மேனகா போனை வாங்கி அந்தக் கும்பிடுகளை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

"நாங்கூட இப்படித்தானுங்க டீச்சர் கும்புடு போட்டிருப்பேன். சார் கேட்ட பொறவு நாம எப்படி மேல கேக்கறது? மூஞ்சி தெரியாம கேக்கற மாதிரி எதாச்சும் பண்ணோணும்."

இதற்கு வழி சொன்னவர் இப்ராஹிம் பாய். மண்டியில் மிளகு மூட்டைகளுக்கு நடுவே எங்களை உட்கார வைத்து டீ சொன்னார்.

"மாட்டுச் சந்தையில வாங்கறவன் விக்கறவன் எல்லாம் தெரிஞ்சவனாத்தான் இருப்பான் தங்கச்சி. வாய் விட்டு வெல கேட்டா மனஸ்தாபம் வரும். அதுக்குத்தான் துண்டு. கைய மூடிக்கிட்டு வெரலப் புடிச்சு வெல பேசறது. ஒரு வெரலப் புடிச்சா ஆயிரம், நுனிய மட்டும் தொட்டா நூறு. துண்டுக்குள்ள என்ன பேசினோம்னு பக்கத்துல நிக்கறவனுக்கும் தெரியாது."

"பொம்பளைங்க உங்க கையில எப்படிங்க பாய் வெல சொல்லுவாங்க?" என்றாள் மேனகா.

"அவங்களுக்கு நீ துண்டு புடி. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்க. எவ்வளவு கேட்டாலும் மூஞ்சில காட்டக் கூடாது."

அன்று மதியம் முழுக்க என் கையைத் துண்டுக்குள் வைத்துப் பழகினாள். நான் வேண்டுமென்றே ஒரு கோழிக்கு ஐந்து விரலையும் பிடித்து ஐயாயிரம் கேட்டேன், முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. வாட்ஸ்அப்பிலும் அதே முறையை வைத்தோம். குழுவில் யாரும் எதுவும் போடக் கூடாது, விலையை எனக்கு மட்டும் தனியாக அனுப்ப வேண்டும். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் எழுபது விலைகள் வந்திருந்தன. ஜெயிப்பவர் பெயரை மட்டும்தான் சொல்வோம், விலையைச் சொல்ல மாட்டோம் என்று அறிவித்திருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் இரண்டு வரிசைகள் நின்றன. ஆண்கள் வரிசை முன்னால் பாய் பச்சைத் துண்டோடு, பெண்கள் வரிசை முன்னால் மேனகா. நடுவில் நோட்டோடு நான். பாய் சீட்டில் எழுதித் தருவார், மேனகா என் காதில் சொல்வாள். முதல் பொருள் பலா மரம். மேனேஜர் பாயிடம் கை கொடுத்துவிட்டுப் போனார். பெண்கள் வரிசையில் கடைசியாக வந்தவள் பாப்பாத்தி, மேனேஜர் பங்களாவில் பாத்திரம் கழுவுபவள். அவளுடைய விலை மேனேஜருடையதைவிட இருநூறு கூடுதல். பெயரை வாசித்ததும் முதலில் கை தட்டியவர் மேனேஜர்தான். பாப்பாத்தி கூச்சத்தில் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். துண்டு இல்லாவிட்டால் அவள் இந்த ஜென்மத்தில் அவருக்கு மேல் கேட்டிருக்க மாட்டாள். இதை வெளியே சொல்லக் கூடாதுதான், அதனால் பெயர்களை மாற்றி எழுதுகிறேன்.

பதினொரு பொருட்கள் முடிந்தபோது நோட்டில் முப்பத்துமூவாயிரத்துச் சொச்சம் இருந்தது. மிச்சம் ஒன்றே ஒன்று, மேனகா கொடுத்தது. அவர்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் பட்டர் ஃப்ரூட் மரத்தின் அந்த வருடக் காய்ப்பு. பெங்களூரில் நர்ஸாக இருக்கும் பழைய மாணவி யாஸ்மின் அதற்கு இரண்டாயிரத்து ஐந்நூறு அனுப்பியிருந்தாள். ஆண்கள் வரிசையில் ஒரு பழ வியாபாரி நாலாயிரத்து ஐந்நூறு வரை வந்தார். அதற்கு மேல் அந்த மரம் போகாது. கூட்டிப் பார்த்தேன், இரண்டாயிரத்துக்கும் மேல் குறைந்தது. மறுபடியும் கூட்டினேன், வேறு என்ன செய்ய. ஒவ்வொரு விலையையும் காதில் சொன்னவள் மேனகா, பாய் தந்த சீட்டுகளையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கூட்டல் அவளுக்கும் தெரியும். துண்டைப் பிடித்திருந்த கை மட்டும் அப்படியே நின்றது. எனக்குக் கலாவின் முகத்தைப் பார்க்கத் துணிவு இல்லை.

காலையிலிருந்து மைதானத்தின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற மாதேஷ் அப்போதுதான் நகர்ந்தார். நேராக வந்து பெண்கள் வரிசையின் கடைசியில் நின்றார். பாப்பாத்திதான் முதலில் பார்த்தாள்.

"ஏனுங்க, இது பொம்பளைங்க வரிசைங்க."

"எம்பொண்டாட்டி கையத்தான புடிக்கப் போறேன். பாய் கைய நான் எதுக்குப் புடிக்கோணும்?"

மைதானமே சிரித்தது. பாயும் சிரித்தார். மாதேஷ் சிரிக்கவில்லை. முறை வந்ததும் துண்டுக்குள் கையை விட்டார். மற்றவர்களுக்கு ஒரு நொடி ஆன வேலை இவருக்கு நேரம் எடுத்தது. மேனகா அவர் முகத்தைப் பார்க்கவில்லை, துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் குனிந்தாள். மூச்சு கொஞ்சம் சூடாக இருந்தது, அவ்வளவுதான்.

"எட்டாயிரம் டீச்சர்."

"எவ்வளவு?"

"எழுதுங்க டீச்சர்."

எழுதினேன். பெயரை வாசித்தேன். சொந்த மரத்தை ஏலத்தில் எடுத்தவர் என்று மாதேஷை எல்லோரும் ஓட்டினார்கள். எவ்வளவுக்கு எடுத்தார் என்று ஒருவருக்கும் தெரியாது. நாற்பதைத் தாண்டிவிட்டது என்று நான் பாயிடம் சொன்னதும், அவர் ஆரிப்பைக் கூப்பிட்டு ஜீப் ஓட ஆரம்பிக்கும் நாளை அங்கேயே குறித்துக்கொடுக்கச் சொன்னார். மேனகா துண்டை மடித்துப் பாயிடம் கொடுத்துவிட்டு, குழாயடிக்குப் போய் ரொம்ப நேரம் முகம் கழுவினாள்.

கூட்டம் கலைந்த பிறகு மாதேஷ் பணம் கட்ட வந்தார். சட்டைக்குள்ளிருந்து எடுத்த கவர் முன்கூட்டியே எண்ணி ஒட்டியிருந்தது. எனக்கு வாய் சும்மா இருக்காது.

"சொந்த மரத்துக்கு எட்டாயிரமாங்க? இவ்வளவு பணத்துக்கு எங்க போனீங்க?"

கலா மற்ற பெண்களோடு பெஞ்சுகளைத் தூக்கி வகுப்புக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்தபடியே சொன்னார்.

"புள்ள சோத்துக்குன்னு அக்காகிட்டக் குடுக்க வெச்சிருந்ததுங்க டீச்சர். அவதான் போகலயே."